கை வெளியே, இறங்கு

எங்கள் பட்டறையில் யாருக்கும் பெயர் கிடையாது. இருக்கிறது, சம்பளத்தன்று கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் மிச்சமிருக்கிற விரலை வைத்துத்தான் அழைப்பு. நான் எட்டு. இடது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிரஸ் மிஷினுக்குக் கொடுத்தவள். எனக்கு எதிர் மிஷினில் ஒன்பதரை என்று ஒருவர் இருந்தார், சுண்டுவிரலில் பாதி போனவர். வாசல் பக்கம் ஒரு ஏழு. புதிதாக வருகிறவர்களை ‘பாப்பா’ என்போம். ஒரு விரலாவது போன பிறகுதான் எண் கொடுப்போம். கேட்டால் உங்களுக்குக் குமட்டும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சிரிக்காமல் அந்த மிஷின் முன்னால் எப்படி நிற்பது?

இத்தனை பேரில், வருஷக்கணக்காக வேலை பார்த்தும் ஒரு விரல்கூடப் போகாமல் இருந்தவள் ஒருத்திதான். அவளை எவ்வளவு நாள் பாப்பா என்று கூப்பிடுவது? ‘பத்து’ என்று வைத்தோம். பைத்தியம் என்று ஊரே சொன்னதும் அவளைத்தான். அவள் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. பக்கத்து மிஷின்காரி நான்தான். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாதது எல்லாம் பக்கத்து மிஷின்காரிக்குத் தெரியும்.

முதலில் அந்த மிஷினைப் புரிந்துகொள்ளுங்கள். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. நடுவில் தகட்டை வைக்க வேண்டும். மேல் அச்சு இறங்கினால் தகடு கதவுக் கீலாக வெட்டுப்பட்டு விழும். இரண்டு பக்கமும் பச்சைப் பொத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் கை எப்படி இருக்கும்? செய்தவன் கெட்டிக்காரன், நல்லா இருக்கட்டும். ஆனால் அவன் எங்கள் சூப்பர்வைசரைப் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் அந்த மனுஷனின் முதல் வேலை, ஒவ்வொரு மிஷினிலும் இடது பொத்தானை சைக்கிள் டியூப் ரப்பரால் அமுக்கிக் கட்டுவது. அப்புறம் வலது கையால் பொத்தானைத் தட்டிக்கொண்டே இடது கையால் தகடு மாற்றலாம். வேலை இரண்டு மடங்கு. எங்கள் விரலெல்லாம் போன வழி அதுதான்.

பத்து வந்த புதிதில் ரப்பரை அவிழ்த்துப் போடுவாள். அவர் கட்டுவார். இவள் அவிழ்ப்பாள். கடைசியில் அவர் வாசலைக் காட்டினார். அதன் பிறகு அவள் அவிழ்ப்பதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள். மிஷினோடு.

தகட்டை உள்ளே வைக்கும்போது, “கை உள்ளே, இரு.” கையை எடுத்ததும், “கை வெளியே, இறங்கு.” அப்புறம்தான் பொத்தான். ஒவ்வொரு தடவையும், காலையிலிருந்து சாயங்காலம் வரை. தொண்டை கட்டினால் கரகரவென்று சொல்வாள். இருமல் வந்தால் இருமி முடித்துவிட்டுத்தான் பொத்தான்.

“ஏன்டி, அதுக்குக் காது கேக்குமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அதுக்கு எங்கக்கா கேக்கும்? எனக்குக் கேக்குதுல்ல.”

நியாயமாகத்தான் பட்டது. இன்னொரு நாள், கை கழுவும் குழாயடியில், “நேத்து அது எனக்குப் பதில் சொல்லுச்சுக்கா,” என்றாள். சிரித்தாள். விளையாட்டுக்குச் சொன்னாளா நிஜமாகவே சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குழாயை மூடும்போது அதனிடமும் ஏதோ சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஒருநாள் சூப்பர்வைசரைக் கடித்து வைத்தாள். அவள் அச்சில் தகடு சிக்கிக்கொண்டது. அவர் யாரிடமோ கத்திப் பேசிக்கொண்டே வந்து, பார்க்காமல் கையை உள்ளே விட்டார். அவருடைய முழங்கை வலது பொத்தானை உரசிக்கொண்டிருந்தது. இடது பொத்தானில்தான் ரப்பர் இருக்கிறதே! இவள் பாய்ந்து அவர் முன்கையைக் கவ்வி வெளியே இழுத்தாள். ரத்தம் சட்டையெல்லாம். அவர் இவளை அறைந்தார், இவள் தரையில் விழுந்தாள், விழுந்த இடத்திலிருந்தே, “உள்ள கை இருந்துச்சு, உள்ள கை இருந்துச்சு,” என்று கத்தினாள். அவருக்குத் தன் கை மிச்சமானது தெரியவில்லை. பல் பட்டது மட்டும்தான் தெரிந்தது. ஆள் கிடைக்காத நேரம் என்பதால்தான் அவளை விரட்டவில்லை. அன்றைக்குத்தான் ‘பைத்தியம்’ என்ற சொல் பட்டறையை விட்டு வெளியே போனது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கம்பெனியின் சாமான் லிஃப்ட்டையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் பொறுமையாக விளக்குவான். “கதவு மூடாம லிஃப்ட் நகராதுங்க, நகரவே முடியாது, அதனால பயப்படறதுல அர்த்தமே இல்ல,” என்பான். தெருவில் ஒரு சண்டை என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவு நல்ல பெயர்!

வீட்டில் அவன் அடிக்கிற விதத்தைப் பத்து என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். முதலில் கையில் உள்ள கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவுவானாம். துடைத்துக்கொண்டு மேஜைக்கு எதிரே அவளை உட்கார வைப்பானாம். “இங்க பாரு, நான் ஏன் கோவப்படறேன்னு நீயே சொல்லு.” அவள் இரண்டு கையையும் மேஜைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். இரும்பு ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் ஓர் அடி. “இப்ப எதுக்கு அடிச்சேன்?” காரணத்தைச் சரியாகச் சொன்னால் நிறுத்துவான். தப்பாகச் சொன்னால் இன்னொன்று. சரியான காரணம் வந்ததும், “அவ்வளவுதான், புரிஞ்சுக்கிட்டா போதும்,” என்று ஸ்கேலைத் துடைத்துச் சுவரில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவான். மிஷினுக்குக் கொடுக்காமல் காப்பாற்றிய விரல்கள் வீங்கிப்போய், பல நாள் தகட்டைப் பிடிக்க முடியாமல் தவிப்பாள். அப்போதும், “கை உள்ளே, இரு.”

அவர்கள் குழந்தையைப் பிஞ்சு என்போம். சின்ன வகுப்பு படிக்கிற பெண். ஒருநாள் அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த நாற்காலியில் பிஞ்சை உட்காரச் சொன்னான். துணி தேய்த்துக்கொண்டிருந்த பத்து, கையிலிருந்த இஸ்திரிப்பெட்டியைச் சூட்டோடு அவன் முகத்தில் எறிந்தாள். கன்னம் கிழிந்து காது வெந்தது. பாவி, அப்போதும் அவன் கத்தவில்லை. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து பார்த்தபோது, ஒரு மனுஷன் ரத்தம் சொட்ட அமைதியாக உட்கார்ந்திருக்கிறான். ஒரு பொம்பளை தலைவிரிகோலமாக நின்று அலறுகிறாள். யாருக்குப் பைத்தியம் என்று கேட்டால் நீங்களும் அவளைத்தான் சொல்லியிருப்பீர்கள். நானே சொல்லியிருப்பேன்.

அவளைப் பிடித்துக்கொண்டு போய் மனநல ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். வெளியே வந்தபோது நாக்கு குழறியது, கண் எங்கேயோ பார்த்தது. பிஞ்சு அவனிடம். இவளுக்கு வாடகைக்கு ஓர் அறை, மறுபடி அதே மிஷின். அவன் நீதிமன்றத்துக்குப் போய்விட்டான்: இவள் புத்தி சரியில்லாதவள், குழந்தையை இவள் பக்கத்திலேயே விடக்கூடாது.

அவன் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. எறிந்தது நிஜம். கடித்தது நிஜம். இரும்போடு பேசுவது நிஜம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியதையும் ஸ்கேலையும் மட்டும் அவன் சொல்லவில்லை. இவள் சொன்னாள். சொல்லும்போது அழுதாள், முன்னால் நடந்ததைப் பின்னால் சொன்னாள், நடுவில் வாயை மூடிக்கொண்டு மேஜையையே பார்த்தாள். அவன் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொன்னான். அடுக்கிச் சொல்கிறவனைத்தானே உலகம் நம்பும்! எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நீதிமன்றம் ஒரு விசாரணை மேடத்தை அனுப்பியது. வீடு, பள்ளிக்கூடம், வேலை செய்யும் இடம் எல்லாம் பார்த்து, இவள் குழந்தை வளர்க்கத் தகுந்தவளா என்று சொல்ல வேண்டியவர் அவர். பட்டறைக்கு வரும் நாள் தெரிந்ததும் இவளுடைய வக்கீல் இவளைக் கூப்பிட்டுத் தலையிலடித்துக்கொண்டு சொன்னார், துணைக்கு நானும் போயிருந்தேன்.

“இங்க பாருங்கம்மா, அன்னிக்கு மிஷின்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. யார்மேலயும் கை வைக்கக்கூடாது. பல்லும் வைக்கக்கூடாது. ஒரே ஒரு நாள் சாதாரண மனுஷியா இருங்க. பொண்ணு வேணுமா, வேண்டாமா?”

“பேசாம எப்படிங்க அவ வேலை செய்யறது? விரல் போயிடும்,” என்று நான் சண்டைக்குப் போனேன்.

“நீங்க சும்மா இருங்கக்கா. போனா போகுது,” என்றாள் பத்து. “எனக்குப் பிஞ்சு வேணும். அந்த நாற்காலில அவ உக்காந்துட்டிருக்கா.”

அந்த நாள் வந்தது. வெளி ஆள் வருகிறார் என்று சூப்பர்வைசர் காலையிலேயே ரப்பரையெல்லாம் அவிழ்க்கச் சொன்னார். அட, மனுஷன் திருந்திவிட்டானா என்று பார்த்தால், ஒவ்வொரு இடது பொத்தானின் இடுக்கிலும் தீக்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டே போகிறார். பொத்தான் அமுங்கியே நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. “வெளியாள் முன்னாடி எவனாவது வாயைத் தொறந்தா, நாளைக்கு வர வேண்டாம்,” என்றார்.

மேடம் வந்தார். கண்ணாடி போட்ட, களைத்த முகம். கெட்டவர் இல்லை. கூடவே, லிஃப்ட்டைப் பார்க்க வந்தவன் மாதிரி, அவள் புருஷனும் வந்து நின்றான். கன்னத்தில் தழும்பு பளபளத்தது. மேடம் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லவில்லை, ஆனால் சத்தத்தில் பேச முடியாதென்று சூப்பர்வைசரே மற்றவர்களை டீ குடிக்க அனுப்பினார். பத்தின் மிஷின் மட்டும் ஓடியது. என்னிடமும் ஏதோ கேட்க வேண்டுமென்று என்னை நிற்கச் சொன்னார்கள்.

பத்து வேலை செய்தாள். வாயைத் திறக்கவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தகட்டுக்கும் அவள் கை உள்ளே போய் வெளியே வருவதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு தகட்டை வைத்துவிட்டு, பொத்தானுக்குப் போன கையைப் பாதியில் நிறுத்தி அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏன் பயப்படறீங்க?” என்று மேடம் கேட்டார்.

அவ்வளவுதான், அவன் முன்னால் வந்துவிட்டான். “இதைத்தான் மேடம் நான் சொல்றேன். பயப்படறதுக்குக் காரணமே இல்லாத இடத்துல இவ பயப்படுவா. அதுக்குப் பேர்தானே வியாதி? நான் காட்டறேன், பாருங்க.” இடது கையைத் தகட்டின்மேல், மேல் அச்சுக்கு நேர் கீழே, பரப்பி வைத்தான். “ரெண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினாதான் இது இறங்கும். நான் ஒண்ணுதான் அமுக்கப் போறேன். அதனால இது இறங்காது. இறங்க முடியாது.”

சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது. வாய் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன், என் கையைப் பிடித்து முறுக்கினார்.

பத்து அவன் கையைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். பேசினால் பிஞ்சு போய்விடும். அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், அதனால்தான் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் மடித்த உதடு அவிழ்ந்தது. மிஷினைப் பார்த்துச் சொன்னாள்.

“கை உள்ளே, இரு.”

“பாத்தீங்களா மேடம்?” என்றான் அவன்.

“கை உள்ளே, இரு! இரு! இரு!” அலறினாள். நானும், “குச்சிய்யா, குச்சி இருக்கு, கையை எடு!” என்று கத்தினேன். யார் கேட்டது? அவன் வலது கையால் பொத்தானைத் தட்டினான். அதே நொடியில் இவள் தலையைக் குனிந்து மாடு முட்டுவது மாதிரி அவன் நெஞ்சில் முட்டினாள். அவன் பின்னால் சரிந்தான். அச்சு இறங்கியது.

மணிக்கட்டோடு போயிருக்க வேண்டியது. இவள் முட்டியதால் மூன்று விரலோடு போனது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன், என் இரண்டு விரலும் அதே சத்தத்தில்தான் போயின. ரத்தம் மேடத்தின் கண்ணாடியில் தெறித்தது. அவர் சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்தார். பத்துதான் மெயின் சுவிட்சை அணைத்தாள், தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள், கையைத் தூக்கிப் பிடித்தாள். அவன் வெளிறிப்போய், அப்போதும் குரலை உயர்த்தாமல், சொன்னான்:

“ஒரு பொத்தான்ல இறங்காது. இவதான் தள்ளினா. அதனால இவதான் காரணம்.”

அவன் மூளையில் அந்தத் தீக்குச்சிக்கு இடமே இல்லை. விரல் போனதுகூட அவனை யோசிக்க வைக்கவில்லை. அடக் கடவுளே, இதைப் புத்தி என்று சொன்னால், அந்தப் புத்தி எனக்கு வேண்டவே வேண்டாம்.

இந்தக் களேபரத்தில் சூப்பர்வைசர் மெல்ல மிஷின் பக்கம் நகர்ந்து, இடுக்கிலிருந்த குச்சியைப் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன். மேடத்தைக் கூப்பிட்டேன், “இவர் கையைப் பிரிச்சுப் பாருங்க” என்றேன். சூப்பர்வைசர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் பாய்ந்து பிடித்தேன். எட்டு விரலால் ஒரு முரடனின் மூடிய கையைப் பிரிக்க முடியுமா? என் தலைமுடியைப் பிடித்து உலுக்கினார், என் முகத்தை மிஷினில் மோதினார், மூக்கு உடைந்தது. பத்து கடித்த அதே கை, அதே இடம், பழைய பல் தழும்பு கண்ணெதிரே தெரிந்தது. நான் கடித்தேன். நன்றாகவே கடித்தேன். கை விரிந்தது. ஒடிந்த தீக்குச்சி தரையில் விழுந்தது. மேடம் குனிந்து அதை எடுத்தார்.

“இதை வச்சா?”

“எல்லா மிஷின்லயும் இருக்கு. போய்ப் பாருங்க,” என்றேன், வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு. அவர் ரத்தம் பாதி, என் ரத்தம் பாதி. மேடம் ஒவ்வொரு மிஷினாகப் போய்க் குனிந்து பார்த்தார்.

ஆம்புலன்ஸ் அவனைக் கொண்டுபோனது. பத்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மேடம் அவள் பக்கத்தில், அந்த ரத்தத்திலேயே, உட்கார்ந்தார்.

“இறங்கும்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்ப அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே? எதுக்கு மிஷின்கிட்டப் போய்ச் சொன்னீங்க?”

பத்து அவர் பக்கம் திரும்பினாள். “அவர்கிட்ட சொன்னா காரணம் கேப்பாரு மேடம். தப்பாச் சொன்னா அடிப்பாரு. மிஷின்கிட்ட காரணம் சொல்ல வேண்டாம்.”

மேடம் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நீதிமன்றத்தில் என்ன சொன்னார் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. டாக்டர் இன்னும் பார்க்க வேண்டும், மாத்திரை நிறுத்தக் கூடாது என்று ஏதேதோ சொன்னார்களாம். ஆனால் பிஞ்சு அம்மாவிடம் வந்துவிட்டாள். என்னைப் பட்டறையிலிருந்து விரட்டினார்கள், பத்தையும் விரட்டினார்கள். இப்போது இரண்டு பேரும் அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்தில் இருக்கிறோம். பசை மட்டும்தான், இறங்குகிற எதுவும் இல்லை. பத்து பசை வாளியோடும் பேசத்தான் செய்கிறாள். பேசட்டும்.

பிஞ்சு வந்த அன்று மத்தியானம் நானும் அங்கே இருந்தேன். ஒரே அறை, ஒரு ஸ்டவ், ஒரு பழைய மேஜை. குழந்தைக்குப் பால் கொடுத்தாள் பத்து. பிஞ்சின் கை வழுக்கி, கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்கியது.

பிஞ்சு அழவில்லை. ஓடவில்லை. எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். முட்டியெல்லாம் கறுத்துக் கன்றிப்போயிருந்தது. தெளிவாக, அடுக்கிச் சொன்னாள்:

“டம்ளரை நான் ஒழுங்காப் பிடிக்கல. ஒழுங்காப் பிடிக்காததால விழுந்துச்சு. அதனால உடைஞ்சுச்சு. சரியாச் சொல்லிட்டேன்ல?”

பத்து ஸ்டவ் பக்கத்தில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, இஸ்திரிப்பெட்டி எறிந்த நாள் மாதிரி எதையாவது தூக்கி எறியப் போகிறாள் என்று பயந்தேன். அவள் கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டே வந்தாள், காலில் ரத்தம் வந்தது, பார்க்கவில்லை. குழந்தையின் எதிரே மண்டியிட்டு, அந்த இரண்டு குட்டிக் கைகளையும் மேஜையிலிருந்து எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“கை வெளியே,” என்றாள்.

பிஞ்சுக்குப் புரியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தாள்.

“கை வெளியே வந்துடுச்சு கண்ணு,” என்றாள் பத்து மறுபடியும். குழந்தை கண்ணைத் திறக்கும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.